ஸ்கேன் செய்த சான்றிதழ்: பைல் அளவைக் குறைப்பது எப்படி?

முன்பெல்லாம் வேலைக்கு விண்ணப்பிப்பது என்றால், சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்து, அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கி, பெரிய கவரில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இப்போது வங்கித் தேர்வு முதல் அரசுத் தேர்வு வரை எல்லாமே ஆன்லைன். வீட்டில் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் இருந்தால் வெளியே போகாமலேயே விண்ணப்பித்துவிடலாம். ஆனால், புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் தடுமாறி நிற்கும் இடம் ஒன்று உண்டு. படிவம் முழுவதையும் பூர்த்தி செய்து, கடைசியில் போட்டோவையும் சான்றிதழையும் அப்லோட் செய்யும்போது, பைல் அளவு அதிகம் என்று ஒரு சிவப்பு வரி வரும். தளம் கேட்பது 50 கேபி. நம்மிடம் இருப்பதோ 4 எம்பி.

உடனே பதற்றத்தில் கைக்குக் கிடைத்த வழியில் பைலைச் சுருக்கி அனுப்பிவிடுகிறோம். இங்குதான் ஆபத்து இருக்கிறது. பைல் பெரிதாக இருந்தால் அந்த நிமிடமே கம்ப்யூட்டர் சொல்லிவிடும், திருத்திக் கொள்ளலாம். பைல் சிறியதாகி எழுத்து படிக்க முடியாமல் போனால் கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது. "வெற்றிகரமாக அப்லோட் ஆனது" என்றே காட்டும். பல மாதங்கள் கழித்து, விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலர் திறந்து பார்க்கையில் பதிவு எண்ணே தெரியவில்லை என்றால், அப்போது திருத்த வழி இருக்காது. எனவே அளவைக் குறைக்க வேண்டும். அதே சமயம் படிக்கவும் முடிய வேண்டும். அதற்கான வழிகளை இங்கு பார்க்கலாம்.

பைல் ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

ஸ்கேனர் ஒரு பக்கத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கிறது. இந்தப் புள்ளிகளையே பிக்சல் என்கிறோம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் டிபிஐ. ஏ4 தாளின் அளவு 210 மிமீ அகலம், 297 மிமீ உயரம். இதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளிகள் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள்.

கலரில் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் தேவை. ஆகவே, எந்தச் சுருக்கமும் செய்யாத நிலையில் அந்த ஒரு பக்கம் சுமார் 25 எம்பி இடம் பிடிக்கும். அதே பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 100 எம்பி ஆகிவிடும். டிபிஐ இரு மடங்கானால் அளவு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். அகலத்திலும் இரண்டு மடங்கு, உயரத்திலும் இரண்டு மடங்கு அல்லவா? இதையே திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய வழி கிடைத்துவிடுகிறது. டிபிஐயைப் பாதியாக்கினால் அளவு கால் பங்காகிவிடும்.

கலரா, கிரேஸ்கேலா, பிளாக் அண்ட் ஒயிட்டா?

ஸ்கேன் செய்யும் புரோகிராமில் இந்த மூன்று வகைகளும் இருக்கும். கிரேஸ்கேலில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் போதும். 25 எம்பியாக இருந்தது சுமார் 8 எம்பியாகக் குறையும். பிளாக் அண்ட் ஒயிட்டில் ஒரு பைட்டில் எட்டுப் புள்ளிகள் அடங்கிவிடும். அதே 300 டிபிஐ பக்கம் சுமார் 1 எம்பிதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பிளாக் அண்ட் ஒயிட்டில் எடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இந்த வகையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை. இடைப்பட்ட நிறம் கிடையாது. சான்றிதழில் வைத்திருக்கும் ஊதா முத்திரை மங்கலாக இருந்தால் அது அப்படியே மறைந்து போகலாம். அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும் துண்டு துண்டாகலாம். மதிப்பெண் பட்டியலின் பின்னணியில் வண்ணக் கோலம் இருந்தால், அது கரும்புள்ளிகளாக மாறி எழுத்துகளை மூடிவிடும்.

எனவே, வெள்ளைத் தாளில் கறுப்பில் அச்சான பக்கம் மட்டும் என்றால் பிளாக் அண்ட் ஒயிட் போதும். முத்திரை, கையெழுத்து, வண்ணப் பின்னணி உள்ள சான்றிதழ்களுக்கு கிரேஸ்கேல் நல்லது. அறிவிப்பில் கலரில்தான் வேண்டும் என்று கேட்டிருந்தால் மட்டும் கலர்.

எத்தனை டிபிஐ வைக்கலாம்?

சான்றிதழில் உள்ள மிகச் சிறிய எழுத்தைப் பாருங்கள். அது 8 பாயிண்ட் அளவு என்று வைத்துக்கொள்வோம். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். எனவே 150 டிபிஐயில் அந்த எழுத்துக்கு உயரவாக்கில் 16 அல்லது 17 புள்ளிகள் கிடைக்கும். 100 டிபிஐயில் 11 புள்ளிகள்தான். ஆங்கில எழுத்துகளையாவது 11 புள்ளிகளில் ஓரளவு ஊகித்துவிடலாம். நம் தமிழ் எழுத்துகளோ சுழிகள் நிறைந்தவை. ன, ண வேறுபாடு குழம்பிவிடும். மேலே உள்ள புள்ளி மறைந்தால் "க்" என்பது "க" ஆகிவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறித் தெரிந்தாலே சிக்கல்தான். எண்களில் 3, 8 ஆகத் தெரியும்; 5, 6 ஆகத் தெரியும். பதிவு எண்ணிலும் பிறந்த தேதியிலும் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே, சான்றிதழ்களுக்கு 150 முதல் 200 டிபிஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போக வேண்டிய நிலை வந்தால், முதலில் மற்ற வழிகளை முயன்று பாருங்கள்.

ஒரு யோசனை. ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐயில் ஒரு முறை எடுத்து, அதை "ஒரிஜினல்" என்று ஒரு போல்டரில் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் அதிலிருந்து ஒரு காப்பி எடுத்து அதைச் சுருக்குங்கள். ஒரிஜினலில் கை வைக்காதீர்கள். ஒரு தளம் 100 கேபி கேட்கும். இன்னொன்று 500 கேபி கேட்கும். பெரியதைச் சிறியதாக்கலாம், சிறியதைப் பெரியதாக்கி இழந்த எழுத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஜேபெக் செய்யும் வேலை

ஸ்கேன் செய்த படத்தை பிஎம்பி வகையில் சேமித்தால் பொதுவாகச் சுருக்கம் எதுவும் இருக்காது. மேலே கணக்கிட்ட அதே எம்பி அளவு வரும். ஜேபெக் வகையில் சேமித்தால் பைல் வெகுவாகக் குறைகிறது. ஜேபெக், படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கைவிடுகிறது. எவ்வளவு கைவிடலாம் என்பதை நாம் குவாலிட்டி என்ற எண்ணால் தீர்மானிக்கிறோம்.

குவாலிட்டி 70, 80 என்று இருந்தால் வேறுபாடு தெரியாது. 30க்குக் கீழே போனால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலத் தெரியும். முகத்தில் கட்டம் கட்டமாகத் தோன்றும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். ஜேபெக் பைலைத் திறந்து, மாற்றி, மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும்போதெல்லாம் தரம் சிறிது குறைந்துகொண்டே போகும். பத்து முறை சுருக்கிச் சுருக்கி முயல்வதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரிஜினலில் இருந்தே தொடங்குவது நல்லது.

சான்றிதழைச் சுருக்கும் முறை

இதற்கு இர்பான்வியூ என்ற புரோகிராமைப் பயன்படுத்தலாம். வீட்டு உபயோகத்திற்கு இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். பின்னர் கீழ்க்காணும் வரிசையில் செயல்படவும். வரிசை முக்கியம்.

1. ஸ்கேனர் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்திடவும். தூசியும் கீறலும்கூட பைல் அளவைக் கூட்டும்.

2. படத்தைத் திறந்து, சான்றிதழைச் சுற்றியுள்ள வெற்று இடத்தை நீக்கவும். மவுஸால் தேவையான பகுதியைச் செவ்வகமாக வரைந்து, எடிட் மெனுவில் கிராப் செலக்ஷன் என்பதைக் கிளிக் செய்தால் போதும். ஏ4 கண்ணாடியில் சிறிய சான்றிதழை வைத்து எடுத்திருந்தால் இதிலேயே பாதி அளவு குறைந்துவிடும்.

3. இமேஜ் மெனுவில் கன்வர்ட் டு கிரேஸ்கேல் என்பதைக் கிளிக் செய்திடவும்.

4. கண்ட்ரோல் + ஆர் கீகளை அழுத்தவும். படத்தின் அளவை மாற்றும் விண்டோ கிடைக்கும். 300 டிபிஐயில் எடுத்த முழு ஏ4 பக்கம் என்றால், அகலத்தை 1240 என மாற்றவும். உயரம் தானாக 1754 ஆகும். இப்போது இது 150 டிபிஐயில் எடுத்ததற்குச் சமம். அகலம், உயரம் இரண்டும் ஒரே விகிதத்தில் மாற வேண்டும் என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

5. பைல் மெனுவில் சேவ் ஆஸ் சென்று, பைல் வகையாக ஜேபெக் தேர்ந்தெடுக்கவும். அருகில் கிடைக்கும் சிறு விண்டோவில் குவாலிட்டியை 70ல் வைத்து, புதிய பெயர் கொடுத்துச் சேமிக்கவும்.

6. பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து அளவைப் பார்க்கவும். அதிகமாக இருந்தால் மீண்டும் ஒரிஜினலில் தொடங்கி, குவாலிட்டியை 60, 50 எனக் குறைத்துப் பார்க்கவும்.

புதிய புரோகிராம் எதையும் இன்ஸ்டால் செய்ய விருப்பமில்லையா? விண்டோஸ் 11ல் உள்ள போட்டோஸ் புரோகிராமில் படத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்தால் ரீசைஸ் இமேஜ் என்று ஒரு பிரிவு இருக்கும். அகலம், உயரம், குவாலிட்டி ஆகியவற்றை அங்கேயே மாற்றலாம். பெயின்ட் புரோகிராமிலும் அகல உயரத்தை மாற்றி ஜேபெக்காகச் சேமிக்கலாம்; ஆனால் அதில் குவாலிட்டியைக் குறிப்பிடும் வசதி இல்லை.

போட்டோவும் கையெழுத்தும்

வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அறிவிப்புகளில் போட்டோ 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்றும், கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்றும் கேட்பது வழக்கம். இடது பெருவிரல் ரேகையும், கையால் எழுதிய உறுதிமொழியும் உண்டு. ரேகைக்கு 20 முதல் 50 கேபி; உறுதிமொழிக்கு 50 முதல் 100 கேபி. நீங்கள் விண்ணப்பிக்கும் தேர்வின் அறிவிப்பில் இவை மாறியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று, குறைந்தபட்ச அளவு. 50 கேபிக்குள் இருந்தால் போதாது; 20 கேபிக்கு மேலும் இருக்க வேண்டும். கையெழுத்தில் இது பெரிய தொல்லை. 140க்கு 60 பிக்சல் கொண்ட கலர் படம் சுருக்கம் இல்லாமலேயே 25 கேபிதான். அதை ஜேபெக்காகச் சேமித்தால் எளிதில் 10 கேபிக்குக் கீழே போய்விடும். தளம் ஏற்காது. "அளவைக் குறைத்துத்தானே கொடுத்தேன், ஏன் மறுக்கிறது?" என்று குழம்ப வேண்டாம். குவாலிட்டியை 100க்கு உயர்த்திச் சேமித்துப் பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால், விகிதம் மாறாமல் 280க்கு 120 பிக்சலாக வைத்துச் சேமிக்கலாம். அறிவிப்பில் பிக்சல் அளவு "விரும்பத்தக்கது" என்று குறிப்பிட்டிருந்தால்தான் இப்படிச் செய்யலாம். கட்டாயம் என்றிருந்தால் அதை மாற்றக் கூடாது.

கையெழுத்துக்கு இன்னொரு எளிய உத்தி. 140க்கு 60 என்பது 7க்கு 3 என்ற விகிதம். வெள்ளைத் தாளில் 7 செமீ அகலம், 3 செமீ உயரத்திற்கு பென்சிலால் லேசாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் கறுப்பு மையால் கையெழுத்திடுங்கள். ஸ்கேன் செய்தபின் கோட்டுக்குச் சற்று உள்ளே கிராப் செய்தால் சரியான விகிதம் கிடைத்துவிடும். முழு ஏ4 தாளையும் ஸ்கேன் செய்து அப்படியே சுருக்கினால், கையெழுத்து நடுவில் ஓர் எறும்பு போலத்தான் தெரியும். ஐபிபிஎஸ் தேர்வுகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்து ஏற்கப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போட்டோவிற்கும் இதே முறைதான். முதலில் 200க்கு 230 என்ற விகிதத்தில் கிராப் செய்துவிட்டு, பிறகு அளவைக் குறைக்க வேண்டும். கிராப் செய்யாமல் அகலத்தையும் உயரத்தையும் நேரடியாக டைப் செய்தால், முகம் நீண்டோ பருத்தோ போய்விடும். தேர்வு மையத்தில் உங்கள் முகத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிடிஎப் கேட்டால்?

பல தளங்கள் சான்றிதழ்களை பிடிஎப் வகையில் கேட்கின்றன. ஸ்கேன் செய்த பக்கத்தைப் பொறுத்தவரை பிடிஎப் என்பது ஓர் உறை மாதிரி. உள்ளே இருப்பது அதே படம்தான். உறைக்குள் பெரிய படத்தை வைத்தால் பிடிஎப்பும் பெரிதாகத்தான் இருக்கும். எனவே மேலே சொன்ன முறையில் படத்தைச் சுருக்கிய பிறகே பிடிஎப் ஆக்குங்கள்.

லிப்ரெ ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பு உங்களிடம் இருந்தால், அதன் ரைட்டரில் படத்தைச் செருகி, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎப் கொடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் ஜேபெக் குவாலிட்டியும், படத்தின் டிபிஐயைக் குறைக்கும் வசதியும் இருக்கும். 150 டிபிஐ தேர்ந்தெடுக்கலாம். எம்எஸ் வேர்டில் பிடிஎப்பாகச் சேமிக்கும்போது மினிமம் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பட்டப்படிப்பின் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும் ஒரே பைலாகக் கேட்டால், நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேனிங் புரோகிராம் கைகொடுக்கும். பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, வரிசைப்படுத்தி, ஒரே பிடிஎப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பைலின் எக்ஸ்டன்ஷனை மட்டும் மாற்றினால் வகை மாறாது. படத்தின் பெயரில் கடைசியில் பிடிஎப் என்று டைப் செய்துவிட்டால் அது பிடிஎப் ஆகிவிடாது. தளம் ஏற்றுக்கொண்டாலும், மறுமுனையில் திறக்கும்போது பிழைச் செய்திதான் வரும்.

இணைய வழியில் வழங்கப்படும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போன்றவை டிஜிட்டல் கையெழுத்துடன் பிடிஎப்பாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பிரிண்ட் எடுத்து மீண்டும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. எழுத்துகள் எழுத்துகளாகவே இருப்பதால் அந்த பைல்கள் பெரும்பாலும் சிறியவை. வேறு புரோகிராமில் திறந்து சுருக்கினால், அந்த டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போய்விடும். டவுண்லோட் செய்ததை அப்படியே அப்லோட் செய்வதே சரி.

பைலைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்கள் பல உள்ளன. வசதிதான். ஆனால் உங்கள் ஆதார், வங்கி பாஸ்புக், கையெழுத்து எல்லாம் முன்பின் தெரியாத ஒரு கம்ப்யூட்டருக்குப் போகின்றன. வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு இது தேவையா என்று யோசியுங்கள். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால், வேலை முடிந்ததும் பைல்களை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வாருங்கள்.

அப்லோட் செய்யும் முன்

சுருக்கிய பைலைத் திறந்து 100 சதவீத அளவில் பாருங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பதிவு எண், சான்றிதழ் எண், முத்திரை ஆகிய ஆறும் தெளிவாகத் தெரிகின்றனவா? முடிந்தால் வீட்டில் வேறொருவரிடம் காட்டி, எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். நமக்கு நம் பதிவு எண் மனப்பாடம் என்பதால், தெரியாத எழுத்தும் தெரிவது போலத் தோன்றும். அவர் தடுமாறினால் அலுவலரும் தடுமாறுவார்.

பிராபர்ட்டீஸ் விண்டோவில் இரண்டு அளவுகள் இருக்கும். சைஸ் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சைஸ் ஆன் டிஸ்க் என்பதை அல்ல. விண்டோஸ் 1024 பைட்டை ஒரு கேபியாகக் கணக்கிடுகிறது. சில தளங்கள் 1000 பைட்டை ஒரு கேபியாகக் கணக்கிடலாம். எனவே 50 கேபி வரை என்றால் 45 கேபியில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பைல்களுக்குப் புரியும்படி பெயர் வையுங்கள். ஸ்கேன்001, ஸ்கேன்002 என்று வைத்தால் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை போய் உட்கார்ந்துவிடும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் தளம் காட்டும் பிரிவியூவில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள்.

இந்த வேலையை அறிவிப்பு வந்த பிறகு செய்ய வேண்டும் என்பதில்லை. இந்த வார இறுதியிலேயே எல்லாச் சான்றிதழ்களையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒரு போல்டரில் வைத்து, பென் டிரைவில் ஒரு காப்பியும் எடுத்துவிடுங்கள். கடைசி நாள் இரவு தளம் மெதுவாக இயங்கும்போது ஸ்கேனரோடு போராட வேண்டியிருக்காது.